மரச்சாமான் பாலிஷுக்கு முதல் ஸ்ப்ரே கன்: எதை வாங்குவது?

20 ஜூலை 2024, காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர்

அண்ணா, நான் எட்டு ஆண்டுகளாகக் கட்டில், கதவு, பூஜை அலமாரி ஆகியவற்றைச் செய்து, துணியாலும் தூரிகையாலும் பாலிஷ் போட்டு வருகிறேன். இப்போது வருகிறவர்கள் மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) என்ற லேக்கர் பூச்சுகளைத்தான் கேட்கிறார்கள். பட்டறையில் 1 எச்.பி. கம்ப்ரசர் 50 லிட்டர் தொட்டியோடு இருக்கிறது. ஆணி அடிக்கவும் தூசி ஊதவும் வாங்கியது. எச்.வி.எல்.பி. கன் வாங்கினால் லேக்கர் வீணாகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1.4 மி.மீ. நாசில் (லேக்கர் வெளிவரும் துளை) உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா?

20 ஜூலை 2024, இரவு

தம்பி, அந்தக் கன்னில் குறையில்லை. உங்கள் கம்ப்ரசரோடு சேர்த்து அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எச்.வி.எல்.பி. என்றால் காற்றின் அளவு அதிகம், அழுத்தம் குறைவு. கன்னின் முனை மூடியான ஏர் கேப்பிலிருந்து வெளிவரும் காற்று 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அதன் இலக்கணம். மெதுவாக வரும் காற்று லேக்கரைச் சிறு துளிகளாக உடைக்க வேண்டுமென்றால், அது ஏராளமாக வர வேண்டும். ஆகவே இவ்வகைக் கன்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 10 முதல் 14 கன அடிக் காற்றைக் கேட்கின்றன. உங்கள் கம்ப்ரசர் அதில் பாதியைக்கூடத் தராது. லேக்கர் மிச்சமாகும் என்று கேள்விப்பட்டது உண்மைதான்; அடித்ததில் 65 விழுக்காடாவது பலகையில் ஒட்ட வேண்டும் என்பதைத்தான் இவ்வகைக் கன்களுக்கு அளவாகச் சொல்கிறார்கள். பழைய வகைக் கன்னில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பலகைக்குப் போகும். மீதி பனிபோலப் பட்டறை முழுவதும் பரவும். ஆனால் அந்த மிச்சம், கன் கேட்கும் காற்றைக் கொடுத்தால்தான் கிடைக்கும். காற்று போதாத கன், லேக்கரை உடைக்காமல் துப்பும். பலகையின் முகம் ஆரஞ்சுத் தோல்போல் ஆகிவிடும்; பிறகு அதை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதற்குள், மிச்சமான லேக்கரின் விலையைப்போல இரண்டு பங்கு கூலி போய்விடும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், மேலே கப் வைத்த, காற்றை அதிகம் கேட்காத சாதாரணக் கன் ஒன்றை 1.4 நாசிலோடு வாங்குவேன். கம்ப்ரசரை மாற்றப் பணம் இல்லையென்றால் தொட்டியை மட்டும் 150 லிட்டராகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், 1 எச்.பி.யே போதும்.

22 ஜூலை 2024

மேலே எழுதியதில் கடைசி வரி தவறு. தொட்டி காற்றைச் சேமிக்குமே தவிர, உண்டாக்காது. இரண்டு நாட்களாக இது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், இன்று காலை காரிமங்கலத்தில் என் பட்டறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கம்ப்ரசரின் தகட்டில் பொறித்திருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) என்பது பிஸ்டன் ஒரு நிமிடத்தில் விழுங்கும் காற்றின் அளவு. குழாய் வழியே நம் கைக்கு வந்து சேர்வது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில்தான் இருக்கும். எவ்வளவு வருகிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல், கைக்கடிகாரத்தைக் கொண்டே அளந்துவிடலாம். தொட்டியின் லிட்டரை 28.3ஆல் வகுத்தால் அதன் கன அடி கிடைக்கும். தொட்டியைக் காலிசெய்து, வெளிவாயை அடைத்து ஓட விடுங்கள். முள் 60 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும்போது நேரத்தைக் குறித்து, 100ஐத் தொடும்போது மறுபடி குறியுங்கள். ஏறிய 40ஐ 14.7ஆல் வகுத்தால் 2.72 வரும். அதைத் தொட்டியின் கன அடியால் பெருக்கி, ஆன நிமிடத்தால் வகுத்தால், உங்கள் கம்ப்ரசர் தரும் காற்று நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று தெரிந்துவிடும்.

என்னுடையது 2 எச்.பி., தொட்டி 120 லிட்டர், அதாவது 4.24 கன அடி. 60இலிருந்து 100க்கு ஏற 2 நிமிடம் 20 நொடி ஆயிற்று. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5 சி.எஃப்.எம். தகட்டில் 7.5 என்று இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தகட்டை நம்பியே வேலை செய்திருக்கிறேன்.

உங்கள் கம்ப்ரசரையும் இப்படி அளந்து எழுதுங்கள். அதுவரை எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

23 ஜூலை 2024

காவேரிப்பட்டணத்துத் தம்பி அளந்து எழுதிவிட்டார்: 50 லிட்டர் தொட்டி, 1 நிமிடம் 55 நொடி. கணக்கு 2.5 சி.எஃப்.எம். என்று வருகிறது.

இதை வைத்துத் தொட்டி விஷயத்தை முடித்துவிடலாம். நிமிடத்துக்கு 6 கன அடி கேட்கும் சாதாரணக் கன்னை இந்தக் கம்ப்ரசரில் மாட்டினால், 100இலிருந்து 45 பி.எஸ்.ஐ.க்கு இறங்கும் வரைதான் ஒழுங்காக அடிக்க முடியும். தொட்டியில் இருப்பு ஏறக்குறைய 6.6 கன அடி. பற்றாக்குறை நிமிடத்துக்கு 3.5. ஆகவே விசையை அழுத்திய பிறகு கிடைப்பது இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு நாற்காலிக்கு அது போதும். விசையை விட்டுவிட்டு அடிப்பதால் தொட்டி இடையிடையே நிரம்பிக்கொள்ளும். கதவின் ஒரு முகத்தை ஈரம் காயாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் அடித்து முடிக்க அது போதாது. 120 லிட்டர் தொட்டி போட்டால் நான்கரை நிமிடம் கிடைக்கும். ஆனால் அது மறுபடி நிரம்ப ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் முதலில் அடித்த ஓரம் காய்ந்துவிடும். பெரிய தொட்டி நிமிடங்களைக் கூட்டித் தரும், அவ்வளவுதான்.

ஆகவே தம்பிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இப்போதைக்கு நாற்காலி, முக்காலி, அலமாரித் தட்டு ஆகியவற்றை மட்டும் அடிப்பதென்றால், எல்.வி.எல்.பி. என்று விற்கும் கன் ஒன்றை வாங்கலாம். காற்றின் அளவும் குறைவு, அழுத்தமும் குறைவு, பெரும்பாலும் 3.5 முதல் 5 கன அடிக்குள் வேலை செய்யும். கதவும் கட்டிலும் அடிப்பதென்றால் கம்ப்ரசருக்குப் பணம் சேர்த்த பிறகுதான் கன்.

27 ஜூலை 2024

ஆடிக் காற்று இப்போது எங்கள் பக்கம் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்ப்ரே வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதால், கேள்வியில் வராத ஒன்றை எழுதுகிறேன். கன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஹோஸ்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தேக்குக் கட்டில் செய்தேன். தலைமாட்டுப் பலகையில் மெலமைன் அடித்தால் ஒவ்வொரு முறையும் ஆரஞ்சுத் தோல் வந்தது. தின்னரைக் கூட்டினேன், வடிந்தது. கன்னை மாற்றினேன், அதே தோல். மேலும் ஒரு கன்னைக் கடனுக்கு வாங்கினேன். அப்போதும் அதே தோல்தான். முகூர்த்தத்துக்கு ஐந்து நாட்கள் இருக்கும்போது, ஓசூரில் வாகனத் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் வேலை செய்யும் என் தங்கையின் கணவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கன்னைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஹோஸைத்தான் கையில் பிடித்துப் பார்த்தார். 6 மி.மீ. உள்விட்டம், 15 மீட்டர் நீளம்; ஆணி அடிக்கும் கருவிக்காக வாங்கியது. கன்னின் கைப்பிடிக்குக் கீழே அழுத்தம் காட்டும் சிறிய கேஜ் ஒன்றை மாட்டி, விசையை அழுத்தச் சொன்னார். தொட்டியின் ரெகுலேட்டரில் 45 பி.எஸ்.ஐ. காட்டியது, கைப்பிடியில் 27. விசையை விட்டதும் இரண்டும் 45 காட்டின. விசையை அழுத்தாமல் பார்த்த அழுத்தத்தை நம்பித்தான் நான் இரண்டு கன்களைக் குற்றம் சாட்டியிருந்தேன்.

10 மி.மீ. ஹோஸை 8 மீட்டர் வாங்கி மாட்டியதும், முதலில் வைத்திருந்த அதே பழைய கன்னே கண்ணாடிபோல் அடித்தது.

ஆகவே, வரிசையைத் திருப்பிச் சொல்கிறேன். கன்னுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் தடித்த ஹோஸ், பிறகு கைப்பிடியில் மாட்டும் கேஜ், பிறகு ஈரம் பிரிக்கும் ஏர் ஃபில்டர், பிறகு முகமூடி. மீதிப் பணத்தில் கன். இவை நான்கும் இருந்தால் நடுத்தர விலைக் கன்னே நன்றாக வேலை செய்யும். இவை இல்லையென்றால் எந்த விலைக் கன்னும் உதவாது.

4 ஆகஸ்ட் 2024

அரூரிலிருந்து ஒருவர், கீழே கப் உள்ள கன் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, முதல் கன்னாக அதை வாங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறார்.

நான் பழகியது அதில்தான். கீழே கப் உள்ள கன், காற்று ஓடும் வேகத்தால் உண்டாகும் உறிஞ்சலைக் கொண்டு லேக்கரை மேலே இழுக்கிறது. ஆகவே அதற்குச் சற்று அதிகமான அழுத்தமும் பெரிய நாசிலும் வேண்டியிருக்கிறது. கப்பின் அடியில் எப்போதும் கொஞ்சம் லேக்கர் ஏறாமல் நின்றுவிடும், பி.யூ. கலந்த பிறகு அதை மறுநாளைக்கு வைத்திருக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும். மேலே கப் உள்ளதில் லேக்கர் தன் எடையாலேயே இறங்குகிறது. கடைசிச் சொட்டு வரை அடிக்கலாம், நூறு மில்லி மட்டும் கலந்து ஒரு சிறு முக்காலியை முடிக்கலாம், கழுவவும் தின்னர் குறைவாகவே செலவாகும். கட்டிலுக்கு அடியில் கன்னைக் கவிழ்த்து அடிப்பதற்கு மட்டும் இரண்டுமே சரிப்படாது. பலகைகளைத் தனித்தனியாக அடித்துவிட்டுப் பிறகு பூட்டுவதுதான் நல்லது. கற்றுக்கொள்பவருக்கு மேல் கப்தான். விலையில் உள்ள வேறுபாட்டை ஆறு மாத லேக்கரிலேயே எடுத்துவிடலாம்.

நாசிலைப் பற்றியும் ஒரு மறுசிந்தனை. முதல் நாள் 1.4 என்று எழுதினேன். 1.3க்கும் 1.4க்கும் உள்ள வேறுபாடு பெரிதல்ல, ஆனால் 2.5 கன அடிக் காற்றை வைத்திருப்பவருக்கு 1.3 நல்லது. நாசில் சிறியதானால் வெளிவரும் லேக்கர் குறையும்; குறைந்த லேக்கரை உடைக்கக் குறைந்த காற்றே போதும். சாயம் மட்டும் அடிக்க 1.0 போதும். மரத்தின் துளைகளை அடைக்கும் தடித்த சீலருக்கும், அடிப்பூச்சான பிரைமருக்கும் 1.7 அல்லது 1.8 வேண்டும். நம் மாவட்டங்களில் காய்ப்பு ஓய்ந்த மாமரங்களை அறுத்து வரும் பலகை ஏராளம். மாம்பலகை சீலரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு 1.3இல் மூன்று கை அடிப்பதைவிட, சீலரைத் தூரிகையால் பூசித் தேய்த்துவிட்டு, மேல் பூச்சை மட்டும் கன்னால் அடிப்பது முதல் ஆண்டுக்குச் சரியான வழி. எட்டு ஆண்டுகள் தூரிகை பிடித்த கைக்கு அது கடினமே அல்ல.

கன் வாங்கும்போது நாசில், அதைத் திறந்து மூடும் நீடில், ஏர் கேப் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று அதே கடையில் கேட்டுவிடுங்கள். அவை ஒரே தொகுதியாக மாற்ற வேண்டியவை. கிடைக்காத கன், தேய்ந்த அன்றே பழைய இரும்பாகிவிடும்.

5 ஆகஸ்ட் 2024

லேக்கர் எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும் என்பதைக் கோலால் தூக்கிப் பார்த்துச் சொல்லும் பழக்கம் என்னிடமும் இருந்தது. ஃபோர்டு கப் பி4 என்ற சிறு கிண்ணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடியிலுள்ள துளை வழியே லேக்கர் இறங்கி, நூல்போன்ற ஒழுக்கு அறுபடும் வரை எத்தனை நொடி என்று எண்ண வேண்டும். மேல் பூச்சுக்கான லேக்கர்களில் பலவும் 18 முதல் 22 நொடிக்குள் நன்றாக அடிக்கின்றன. டின்னோடு வரும் குறிப்பில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே முடிவு. சித்திரை வெயிலில் டின்னே சுட்டுக்கொண்டிருக்கும்போது அதே லேக்கர் தானாகவே நீர்த்துவிடும். மார்கழிக் காலையில் தடிக்கும். கோல் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

18 ஆகஸ்ட் 2024

கம்ப்ரசரே வேண்டாத, நேராகப் பிளக்கில் மாட்டும் மின்சாரக் கன்னைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சுவர் பெயிண்டுக்கும், வேலிக்கும், பிரைமருக்கும் அவை உதவும். கையில் அடங்கும் சிறிய மோட்டார் தரும் காற்று, பளபளப்பான மேல் பூச்சுக்குத் தேவையான அளவுக்குத் துளிகளை உடைப்பதில்லை. கம்ப்ரசருக்குப் பதில் சுழல்விசிறிப் பெட்டி காற்று ஊதும் பெரிய டர்பைன் கன்கள் வேறு இனம். அவற்றால் நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டர்பைன் தரும் காற்று சூடாக வரும். தர்மபுரிச் சித்திரையில் அந்தச் சூட்டையும் சேர்த்தால், லேக்கர் பலகையில் படிந்து சமமாவதற்கு முன்பே காய்ந்து பொடிபொடியாக நிற்கும். மெதுவாகக் காயும் தின்னர் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது.

19 ஆகஸ்ட் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த தங்கையின் கணவர் தொலைபேசியில் அழைத்து, இவ்வளவு எழுதியும் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னது நியாயம்.

பி.யூ.வை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறு அளவு பட்டாலும் நெஞ்சு இறுகும். அதன் கொடுமை என்னவென்றால், மணத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மணம் தெரியாத அளவிலேயே அது தீங்கு செய்யும். துணி முகமூடியும், தூசிக்கான என்95 முகமூடியும் தின்னர் ஆவியைத் தடுப்பதில்லை. இரண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் வைத்த, ஆவிக்கான முகமூடி வேண்டும். கார்ட்ரிட்ஜைக் காலந்தவறாமல் மாற்றவும் வேண்டும். தொழிற்சாலையில் பி.யூ. அடிப்பவர்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்றைக் கொடுக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நம் பட்டறையில் அது முடியாது என்பதால்தான், முதல் ஆண்டில் பி.யூ. அடிக்கவே வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்கிறேன். வாடிக்கையாளர் வற்புறுத்தினால், அதற்கான வசதி உள்ள பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள். மெலமைனும் ஆவி நிறைந்ததுதான். அதற்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும்.

நெருப்பு இன்னொன்று. கம்ப்ரசரின் பிரஷர் சுவிட்ச் ஒவ்வொரு முறை மோட்டாரைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பொறி விடும். ஸ்ப்ரே அடிக்கும் அறைக்குள் கம்ப்ரசரை வைக்கக் கூடாது; சுவருக்கு வெளியே வைத்து ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். சுவரிலும் எக்ஸாஸ்ட் விசிறியிலும் படிந்திருக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரின் தூள் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வாரம் ஒரு முறை சுரண்டி எடுத்து, தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

நீரில் கரையும் பூச்சுக்கு மாறினால் இந்தத் தொல்லை குறையுமே என்று கேட்கிறவர்களுக்கு: குறையும், நானும் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் வேங்கைப் பலகையில் நேராக அடிக்காதீர்கள். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சாயம் பூச்சிலும் இறங்கும். முதலில் மெழுகு நீக்கிய அரக்குப் பாலிஷால் ஒரு கை அடைத்துவிட வேண்டும்.

11 செப்டம்பர் 2024

தின்னரைப் பற்றி ஒரு மனக்குறை. போன ஆண்டு, கடையொன்றில் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லிக் கொடுத்த தின்னரை நம்பி, ஒரு சாப்பாட்டு மேசைக்குப் பி.யூ. கலந்தேன். மூன்று நாள் ஆகியும் நகத்தால் கீறினால் தடம் விழுந்தது. என்.சி. தின்னரில் ஆல்கஹால் வகைகள் கலந்திருப்பதுண்டு, ஹார்டனர் பி.யூ.வோடு சேர வேண்டியதை விட்டுவிட்டு அந்த ஆல்கஹாலோடு சேர்ந்துவிடும். பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தேன். அதிலிருந்து, எந்த நிறுவனத்தின் லேக்கரோ அதே நிறுவனத்தின் தின்னர் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. மலிவுத் தின்னர் கன் கழுவ மட்டும்.

கன்னைக் கழுவுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுக் கன்னையும் தின்னரில் ஊறப்போடக் கூடாது. உள்ளேயிருக்கும் வாஷர்களும் பேக்கிங்கும் உப்பிவிடும். ஏர் கேப்பின் துளைகளைக் கம்பியால் குத்தக் கூடாது. பல் குத்தும் மரக்குச்சி போதும்.

12 செப்டம்பர் 2024

கன்னை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஊத்தங்கரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் டோலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளியின் தொண்டையில் மருந்தைத் தூவுவதற்காக 1880களின் பிற்பகுதியில் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே வழியைப் பிடித்து, 1907 வாக்கில் மரச்சாமான்களுக்கு அடிக்கும் கன்னாக மாற்றினார். ஜெர்மனியின் சாட்டா நிறுவனமும் முதலில் மருத்துவக் கருவிகள் செய்த நிறுவனமே. தொண்டைக்குள் தூவும் அளவுக்கு நீர்மத்தைப் பொடியாக்கத் தெரிந்தவர்கள்தான் மரத்துக்கும் வழி கண்டிருக்கிறார்கள்.

8 டிசம்பர் 2024

மூன்று மாதமாக எதுவும் எழுதவில்லை. ஐப்பசியில் தொடங்கிய வேலை இப்போதுதான் ஓய்ந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதை எல்லோரும் அறிவீர்கள். எங்கள் பட்டறையில் தண்ணீர் புகவில்லை. ஆனால் காற்றே ஈரமாகிவிட்டது. புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்க வேண்டிய கதவில் நாள் நெருங்குகிறதே என்று என்.சி. லேக்கரை அடித்தேன். ஐந்து நிமிடத்தில் பால் தெளித்ததுபோல் முழுக் கதவும் வெளுத்தது.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் முகத்தைக் குளிர்விக்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அதன்மேல் பனியாகப் படிந்து லேக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரைச் சற்றுக் கலந்து, வெயில் வந்த பிறகு அதன்மேல் மெலிதாக ஒரு கை அடித்ததும் வெண்மை மறைந்தது. அப்படி மறைவது என்.சி. லேக்கரில்தான், ஹார்டனர் கலந்த பூச்சு இறுகிய பிறகு இந்த வழி உதவாது.

ஜூலையில் ஏர் ஃபில்டரை மூன்றாவது இடத்தில் வைத்தேன். மழைக் காலத்தில் வேலை செய்கிறவருக்கு அது ஹோஸுக்குச் சமம் என்று இப்போது திருத்துகிறேன். அன்று மாலை தொட்டியின் அடிவாயைத் திறந்தபோது, துருவேறிய தண்ணீர் அரைச் செம்புக்குக் குறையாமல் வந்தது. அடைமழை நாட்களில் காலையும் மாலையும் திறந்துவிட வேண்டும். ஃபில்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டினால் காற்று சூடாக இருப்பதால் நீர் ஆவியாகவே கடந்து போய்விடும். சில மீட்டர் தள்ளி, காற்று குளிர்ந்த இடத்தில் மாட்டுங்கள்.

5 ஜனவரி 2025

காவேரிப்பட்டணத்துத் தம்பி கம்ப்ரசரை மாற்றவில்லை. 10 மி.மீ. ஹோஸ், கேஜ், ஃபில்டர், கார்ட்ரிட்ஜ் முகமூடி ஆகியவற்றோடு, மேல் கப் வைத்த 1.3 நாசில் எல்.வி.எல்.பி. கன் ஒன்றை வாங்கிக்கொண்டு, நேற்று மாலை காரிமங்கலத்துக்கே வந்துவிட்டார். கதவை அடிப்பதில்லை, 3 எச்.பி.க்குப் பணம் சேரும் வரை சிறு சாமான்கள் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். நான் ஜூலையில் முதலில் சொன்னதைவிட இது நல்ல முடிவு.

கன்னைச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளில் சோதித்தோம். ஏர் கேப்பைக் கால் திருப்புத் திருப்பினால் விசிறிபோல் விரியும் லேக்கர் படுக்கைவாட்டில் விழும். கையை அசைக்காமல், லேக்கர் வடியத் தொடங்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல கன்னில் கோடுகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கும். தம்பியின் கன்னில் வலப்பக்கக் கோடுகள் இடப்பக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளம். புதுக் கன்னை உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் எழுந்துவிட்டார். ஏர் கேப்பை அரைத் திருப்புத் திருப்பி மறுபடி அடிக்கச் சொன்னேன். இப்போது நீளக் கோடுகள் இடப்பக்கம் வந்தன. குறை கேப்போடு சேர்ந்து நகர்ந்தால் அடைப்பு கேப்பில் இருக்கிறது. நகராமல் அதே பக்கம் நின்றால் நாசிலிலோ நீடிலிலோ இருக்கிறது. கேப்பைக் கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தபோது, அதில் முன்னே நீட்டியிருக்கும் ஒரு கொம்பின் துளையில் தொழிற்சாலைத் துகள் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. தின்னரில் தோய்த்த மரக்குச்சியால் எடுத்துவிட்டோம், கோடுகள் சமமாயின.

பிறகு கையைப் பழக்கினோம். பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கன் இருக்க வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து முழுக் கையும் நகர வேண்டும். ஓரத்துக்கு வெளியிலேயே விசையை அழுத்தி, மறு ஓரத்தைத் தாண்டிய பிறகு விட வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். துணிப் பாலிஷ் போட்டவர்களுக்குப் பாதி மூடுவது இயல்பாக வருகிறது. மணிக்கட்டுத்தான் பழைய பழக்கத்தில் வளைகிறது. இருட்டும் வரை கழிவுப் பலகையில் அடித்துக்கொண்டிருந்தார். எட்டாவது பலகையில் ஓரமும் நடுவும் ஒரே கனத்தில் வந்தன.

அவரிடம் ஒரு பூஜை அலமாரி பாக்கி இருக்கிறது. தட்டுகளையும் உட்புறத்தையும் இந்த வாரம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். முகப்புக் கதவுகள் சிறியவைதான் என்றாலும், பொங்கல் கழிந்து காலைப் பனி குறைந்த பிறகு, பத்து மணி வெயிலில் அடித்தால் போதும்.